ரிஃப்ளெக்ஸாலஜி சங்கம்: சந்தா கட்டும் முன் கேட்க வேண்டியவை

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் ரிஃப்ளெக்ஸாலஜி எனப்படும் பாத அழுத்த சிகிச்சை கொடுக்கும் இடங்களுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது ஃப்ரேம் போட்ட சான்றிதழ். 'அகில இந்திய' என்று தொடங்கும் ஒரு பெயர், தங்க நிறத்தில் முத்திரை, அடியில் 'அரசு பதிவு பெற்றது' என்ற வரி. வருகிறவர்கள் அந்தக் கடைசி வரியைத்தான் நம்புகிறார்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்து, நோக்கத்தையும் துணைவிதிகளையும் எழுதி, மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்துக் கட்டணம் கட்டினால் சங்கம் பதிவாகிவிடும். தெரு நலச் சங்கத்துக்கும் அதே சட்டம்தான். பதிவாளர் காகிதத்தைச் சரிபார்ப்பார். உறுப்பினருக்குக் கட்டைவிரலை எங்கே வைப்பது என்று தெரியுமா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை.

இதே ரகத்தில் இன்னும் சில உண்டு. உத்யம் எண் என்பது சிறுதொழில் பதிவு. தர்ப்பண் எண் என்பது மத்திய அரசின் நீதி ஆயோக் அமைப்பின் தளத்தில் தொண்டு நிறுவனங்கள் செய்துகொள்ளும் இணையப் பதிவு. அதைக் காட்டி 'நீதி ஆயோக் அங்கீகாரம்' என்று அச்சடித்தால் அது பொய். ஐ.எஸ்.ஓ. சான்று அலுவலக நடைமுறையைப் பற்றியது, கைத்திறனைப் பற்றியது அல்ல. நான்முகச் சிங்கத்தையோ அதைப் போன்ற ஒன்றையோ சான்றிதழில் போட்டிருந்தால் அந்தச் சங்கத்தோடு பேச்சே வேண்டாம். தேசியச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவதற்கு எதிராக 2005-லேயே சட்டம் வந்துவிட்டது.

அப்படியானால் சங்கமே வேண்டாமா? வேண்டும். அரசுக் கவுன்சில் இல்லாத தொழிலுக்குத்தான் சங்கம் அதிகம் தேவை. ரிஃப்ளெக்ஸாலஜிக்கு இந்தியாவில் தனிச் சட்டமோ பதிவுக் கவுன்சிலோ கிடையாது. ஆயுஷ் அமைச்சகத்தின் முறைகளில் இது தனியாக இல்லை. பிசியோதெரபிஸ்ட் முதலானோருக்காக 2021-இல் வந்த தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலிலும் இல்லை. 2019-இல் மத்திய அரசு அக்குபங்சரைத் தனி முறையாக ஏற்றுக்கொண்டது உண்மை. ஆனால் ஊசி குத்துவதற்கு வந்த ஆணையைப் பாதம் அழுத்துவதற்கு நீட்ட முடியாது. ஆகவே யார் இந்தத் தொழிலைச் செய்யலாம், எதுவரை செய்யலாம், தவறினால் யார் கேட்பது என்ற மூன்றையும் தொழில் செய்பவர்களே எழுதி, தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தேசியச் சங்கத்தின் வேலை அவ்வளவுதான். மாநாடு, பொன்னாடை, 'வாழ்நாள் சாதனையாளர்' விருது எல்லாம் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். நகரத்தார் கல்யாணம் என்றால் ஒன்பது கோவில்களில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் உரிய கோவில்களில் பதிவாக வேண்டும்; பதிந்த பிறகுதான் அந்தத் தம்பதி ஒரு புள்ளி. புள்ளிக்கு வரி உண்டு, உரிமை உண்டு, கேள்வி கேட்கப் பெரியவர்களும் உண்டு. உறுப்பினர் பதிவேடு அப்படி இருக்க வேண்டும். பெயர் ஏறுவதற்கு ஒரு நிபந்தனை, இருப்பதற்கு ஒரு கடமை, நீக்குவதற்கு ஒரு வழி. நீக்கும் வழி இல்லாத பதிவேடு வெறும் விலாசப் புத்தகம்.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்தார்கள் என்று கொஞ்சம் பார்க்கலாம். உடலைப் பத்து மண்டலங்களாகப் பிரித்துப் பார்க்கும் முறையை அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1917 வாக்கில் பரப்பினார். பிறகு யூனிஸ் இங்ஹாம் 1930-களில் அதை, பாதத்தின் எந்த இடம் எந்த உறுப்புக்கு உரியது என்று காட்டும் வரைபடமாக வளர்த்தார். தொழில்முறைச் சங்கங்கள் வந்தது வெகுகாலம் கழித்து: கனடாவில் 1976, பிரிட்டனில் 1984, அமெரிக்காவில் 1995. அமெரிக்க ஏற்பாட்டில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம், தேர்வு நடத்தும் வாரியம் 1991-லேயே தனியாக வந்துவிட்டது. சங்கம் வேறு, தேர்வு வாரியம் வேறு. தேர்விலும் எழுத்து, செய்முறை, சிகிச்சைப் பதிவேடு என்று மூன்று பகுதிகள். பிரிட்டனில் இன்றும் யார் வேண்டுமானாலும் ரிஃப்ளெக்ஸாலஜிஸ்ட் என்று பலகை மாட்டலாம், சட்டம் தடுக்காது. ஆனால் 2008-இல் தொடங்கிய தன்விருப்பப் பதிவேடு ஒன்று இருக்கிறது, அதில் பெயர் இருக்கிறதா என்று பொதுமக்கள் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

நம்மூர் நோய், சங்கமும் தேர்வும் ஒரே கையில் இருப்பதில்தான் இருக்கிறது. பயிற்சி மையம் நடத்துபவரே சங்கத் தலைவர், அவரே தேர்வாளர், அவர் மனைவி பொருளாளர். மூன்று நாள் வகுப்பு, நான்காம் நாள் சான்றிதழ், பெயருக்கு முன்னால் 'டாக்டர்'. தன்னிடம் பணம் கட்டிய மாணவரை அவர் எப்படித் தேர்வில் தவறவிடுவார்? தன் மாணவர் மேல் புகார் வந்தால் எப்படி விசாரிப்பார்? சேரும் முன் துணைவிதிகளின் நகலைக் கேட்டு வாங்கி இந்த ஒன்றை மட்டுமாவது பாருங்கள்: பயிற்சி மையத்தில் பங்கு உள்ளவர் தேர்வுக் குழுவிலும் ஒழுங்குக் குழுவிலும் இருக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதா. நகல் தர மறுத்தால் அதுவே பதில்.

அடுத்தது, எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாது என்பது. வெளிநாட்டுச் சங்கங்களின் விதிகளில் முதலில் நிற்கும் வரி ஏறக்குறைய ஒன்றுதான்: ரிஃப்ளெக்ஸாலஜிஸ்ட் நோயைக் கண்டறிய மாட்டார், மருந்து எழுத மாட்டார், குறிப்பிட்ட நோயைத் தீர்ப்பதாகச் சொல்ல மாட்டார். காரணமும் தெளிவு. ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த 18 ஆய்வுகளை அலசி எட்ஸார்ட் எர்ன்ஸ்ட் 2009-இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை, எந்த நோய்க்கும் இது பலன் தருகிறது என்று நம்பவைக்கும் சான்று இல்லை என்றது. வரைபடங்களும் ஒன்றுக்கொன்று முழுதாக ஒத்துப்போவதில்லை. மனம் தளர்வது, பதற்றம் குறைவது, தூக்கம் நன்றாக வருவது, உடம்பு இலேசாக இருப்பது, இவ்வளவுதான் கூச்சமில்லாமல் சொல்லக் கூடியது. பிரிட்டனின் விளம்பர ஒழுங்குமுறை அமைப்பு விட்டுவைப்பதும் ஏறக்குறைய இந்த அளவே. இதைத் தன் உறுப்பினர்களிடம் சொல்லத் தயங்கும் சங்கம் அவர்களைக் காப்பாற்றாது.

ஏனென்றால் மாட்டிக்கொள்வது விளம்பர நோட்டீஸில்தான். 'சர்க்கரை, பி.பி., பக்கவாதம் பூரண குணம்' என்று அடித்து ஒட்டுகிறார்கள். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர வைத்திய விளம்பரச் சட்டத்தில் நீரிழிவு, புற்றுநோய், பக்கவாதம் உள்ளிட்ட நோய்ப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அது மருந்துக்கும் மந்திரத் தாயத்துக்கும் எழுதிய சட்டம் என்றாலும், நோட்டீஸ் எழுதும்போது அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ், தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போக முடியும். ஒரு நல்ல சங்கம் உறுப்பினர்களுக்கு மாதிரி நோட்டீஸே தயாராக வைத்திருக்கும். அச்சுக்குப் போகும் முன் வாட்ஸப்பில் அனுப்பினால் இரண்டு நாளில் திருத்தித் தரும்.

நோட்டீஸை விட நுட்பமான தவறு வாய்ச் சொல்லில் வரும். ஒரு புள்ளியில் அழுத்தும்போது வந்தவர் 'ஆ' என்கிறார். உடனே 'கிட்னி வீக்கா இருக்கு' என்று சொல்லிவிடுவது. பாதத்தில் வலி இருக்க நூறு காரணம்: புதுச் செருப்பு, குதிகால் தசைநார் அழற்சி, ஆணிக்கால், சும்மா நீ அழுத்தியதே அதிகம். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுப்பவர்கள் ஒரு பக்கம்; 'பாதத்தில் ஒண்ணும் தெரியலை' என்றதை நம்பி மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடுபவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் ஆபத்து. கேஸ் ஷீட்டில், அதாவது சிகிச்சைக் குறிப்புத் தாளில், 'வலது பாதம், உள்வளைவின் நடுப்பகுதி, தொட்டால் வலி' என்று எழுதலாம். உறுப்பின் பெயரை எழுதவும் கூடாது, சொல்லவும் கூடாது.

சங்கத்தின் பயிற்சித் தரத்தை எடைபோட ஒரே கேள்வி போதும்: யாரைத் தொடக் கூடாது என்று எவ்வளவு நேரம் சொல்லிக் கொடுக்கிறார்கள்? வரைபடத்தை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். திருப்பி அனுப்பத் தெரிவதற்கு நாளாகும்.

நம் பக்கம் வருகிறவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். 'ஆச்சி, காலையில என்னென்ன மாத்திரை போடுறீக?' என்று கேட்டால் 'வெள்ளை மாத்திரை ஒண்ணு, சின்னது பாதி' என்று பதில் வரும். மாத்திரை அட்டைகளையே எடுத்து வரச் சொல்லிப் பெயரைப் பார்த்து எழுத வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபாரின், க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் இருந்தால் ஆழமான அழுத்தமும் மரக்கட்டையால் அழுத்துவதும் கூடாது. உள்ளங்காலில் இரத்தம் கட்டிக்கொள்ளும்.

சர்க்கரை உள்ளவர் என்றால் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்காமல் தொடங்கக் கூடாது. கருவி எதுவும் வேண்டாம். அவரைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் பட்டும் படாமலும் ஓரிரு விநாடி தொட வேண்டும். தடவக் கூடாது, தட்டக் கூடாது. தொட்டது தெரிந்ததும் அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்த பாதம் என்று வைத்துக்கொண்டு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இப்ஸ்விச் தொடு சோதனை என்று இதற்குப் பெயர். உணர்ச்சி இல்லாத பாதத்தில் 'வலிச்சா சொல்லுங்க' என்பது அர்த்தமில்லாத பேச்சு. அவருக்கு வலிக்கவே வலிக்காது. சர்க்கரைக்காரர் ஒருவரின் ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாக, வீங்கி இருந்து, வலி மட்டும் பெரிதாக இல்லையென்றால் அன்றே ஆஸ்பத்திரி. உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

இரவு பஸ்ஸிலோ விமானத்திலோ நெடுநேரம் உட்கார்ந்து வந்தவர், அண்மையில் ஆபரேஷன் ஆனவர், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும் சூடும் என்றால் இரத்தக்கட்டி என்று சந்தேகப்பட வேண்டும். இஞ்ச் டேப் எடுத்து, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் துருத்தும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே இரு கால்களையும் அளந்து பாருங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் கையை எடுத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாம். வித்தியாசம் குறைவு என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. சந்தேகம் இருந்தால் அளவு எதுவானாலும் அழுத்தக் கூடாது. 'கால் வீங்கியிருக்கு, கொஞ்சம் பிடிச்சு விடுங்க' என்று கேட்டுத்தான் வருவார்கள், அதுதான் சிக்கல்.

கர்ப்பத்தின் முதல் 12 வாரம் வேண்டாம் என்று பொதுவாகச் சொல்வதற்குக் காரணம், கெடுதல் நிரூபணமானது அல்ல. அந்தக் காலத்தில் கரு தானாகக் கலைவது சகஜம்; கலைந்தால் பழி கை வைத்தவர் மேல் விழும். காய்ச்சல், ஆறாத புண், எலும்பு முறிவு, கீல்வாதம் உச்சத்தில் இருக்கும் பெருவிரல், இவை எல்லாச் சங்கங்களின் பட்டியலிலும் இருக்கும். விரிக்க வேண்டியதில்லை.

செட்டிநாட்டு வீடுகளுக்கென்று எந்தத் தேசியச் சங்கமும் விதி எழுதியிருக்காது, ஆனால் உள்ளூர்க் கிளை எழுதலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் எண்ணெய்க் காலோடு எண்பது வயது ஆச்சி எழுந்து நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டாம். இடுப்பெலும்பு முறிந்தால் சிகிச்சையாளர் பெயர்தான் வரும். எண்ணெய்க்குப் பதில் கொஞ்சம் க்ரீம் போதும், எண்ணெயில் கட்டைவிரலும் பிடிமானம் இல்லாமல் வழுக்கும். முடிந்ததும் ஈரத்துண்டால் ஒருமுறை, காய்ந்த துண்டால் ஒருமுறை துடைத்து, விரலிடுக்கைப் பார்த்து, இரண்டு நிமிடம் உட்கார வைத்துப் பிறகு எழுப்ப வேண்டும். பவுடரும் கல்லில் சிந்தினால் வழுக்கும். திண்ணையில் வைத்துச் செய்யாதீர்கள். முதுகுக்குச் சாய்வு இல்லை, தெருவே பார்க்கும். வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) சாய்வு நாற்காலியும் எதிரே ஒரு முக்காலியும் போதும், கதவு திறந்திருக்க, வீட்டார் ஒருவர் கண்ணில் படும் இடத்தில்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும் காலத்தில் வழியில் கால் பிடித்துவிடப் பலர் உட்காருகிறார்கள். நல்ல சேவை. ஆனால் ஒரே துண்டு, ஒரே எண்ணெய்க் கிண்ணம் என்றால் ஒருவர் சேற்றுப்புண் பத்துப் பேருக்குப் போகும். கொப்புளத்தை உடைக்கவும் கூடாது, அதன்மேல் அழுத்தவும் கூடாது. கழுவி, மூடி அனுப்ப வேண்டும். வெறுங்காலோடு தார்ச் சாலையில் நடந்துவரும் சர்க்கரைக்காரருக்குப் பிடித்துவிடுவதை விட, உள்ளங்காலைத் திருப்பி டார்ச் அடித்து முள்ளும் புண்ணும் இருக்கிறதா என்று பார்ப்பதே பெரிய உதவி. கிளைகள் அந்த வாரத்துக்கென்று அரைப் பக்க விதி அச்சடித்து முகாமில் ஒட்டினாலே போதும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் தேசியச் சங்கத்துக்குத் தனி ஆளை விடப் பேரம் பேசும் பலம் உண்டு. 'சங்கத்தில் சேர்ந்தால் இன்சூரன்ஸ் இலவசம்' என்றால் பாலிசி நகலைக் கேளுங்கள். அதில் தொழில் என்ற இடத்தில் ரிஃப்ளெக்ஸாலஜி என்றே எழுதியிருக்க வேண்டும். 'அழகு நிலையம்' என்றிருந்தால் இழப்பீடு வராது. வீட்டுக்குப் போய்ச் செய்வதும் அடங்குமா என்று பாருங்கள். இவ்வகைத் தொழில் பொறுப்புக் காப்பீடு பெரும்பாலும் புகார் எழும் நாளில் பாலிசி உயிரோடு இருந்தால்தான் பணம் தரும். இந்த ஆண்டு செய்த சிகிச்சைக்கு அடுத்த ஆண்டு வக்கீல் நோட்டீஸ் வந்து, இடையில் சந்தா கட்ட மறந்திருந்தால் கைவிரித்துவிடுவார்கள். 'ரெட்ரோஆக்டிவ் தேதி' என்று ஒரு தேதி இருக்கும். அதற்கு முன் செய்தவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை. கம்பெனி மாற்றும்போது அந்தத் தேதியைப் பழையதாகவே வைத்திருக்கச் சங்கம் பேச வேண்டும். கேஸ் ஷீட்டும் கையெழுத்திட்ட ஒப்புதலும் இல்லாமல் எந்தப் பாலிசியும் நிற்காது. தேதி, நேரம், எவ்வளவு நிமிடம், அவர் சொன்ன குறை அவர் வார்த்தையிலேயே, மாத்திரைகள், பாதத்தில் கண்டது, முடிந்தபின் எப்படி இருந்தார்: ஐந்து நிமிட வேலை, அன்றே எழுத வேண்டும். பாதத்தைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவதற்குத் தனி ஒப்புதல் வேண்டும். முகம் தெரியவில்லை என்பது சாக்கு ஆகாது.

சிகிச்சையாளரின் உடம்பைப் பற்றிச் சங்கங்கள் பேசுவது குறைவு. இந்தத் தொழிலில் ஒருவரை முடக்கிவிடுவது கட்டைவிரலின் அடிமூட்டு. விரல் நுனியால் மட்டும் குத்தி அழுத்துபவருக்கு மூட்டு சீக்கிரம் தேயும். நுனி மூட்டை மிதமாக மடக்கி, மற்ற நான்கு விரல்களைப் பாதத்தின் மறுபுறம் முட்டுக் கொடுத்து, கம்பளிப்புழு நகர்வது போல் முன்னே போனால் பாரம் பகிர்ந்துபோகும். ஒரு மணி நேர அமர்வு என்றால் ஒரு நாளைக்கு ஐந்து பேர், இடையில் கால் மணி ஓய்வு. ஹோட்டல் ஸ்பாக்களில் சீசனில் இதை யாரும் அனுமதிப்பதில்லை. தனி ஆளாகக் கேட்டால் வேலை போகும். எழுத்தில் கேட்க வேண்டியது சங்கம்.

புகார் விசாரணைதான் கடைசிச் சோதனை. எழுத்துப் புகார் வந்தால் ஒரு வாரத்தில் ரசீது, மூவர் குழு, அதில் ஒருவராவது சங்கத்துக்கு வெளியே இருந்து வரும் செவிலியரோ மருத்துவரோ வழக்கறிஞரோ, இரு தரப்பும் கேட்டு எழுத்தில் முடிவு, நீக்கினால் பதிவேட்டில் தெரியும்படி நீக்கம். இத்தனை வருடத்தில் எத்தனை பேரை நீக்கியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். 'எங்க உறுப்பினர்கள் மேல புகாரே வந்ததில்லை' என்றால் புகார் கொடுக்க வழி இல்லை என்று பொருள். பாலியல் அத்துமீறல் புகாரைச் சங்கம் உள்ளுக்குள் பேசி முடிக்கக் கூடாது. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களின் ஊழியர் புகாரை மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு விசாரிக்கும். வாடிக்கையாளர் புகார் என்றால் நேரே காவல் நிலையம்.

கிளை தொடங்குகிறோம், காரைக்குடிக்கு நீங்கள்தான் பொறுப்பாளர் என்று யாராவது தொலைபேசியில் அழைத்தால், போன ஆண்டு பொதுக்குழு எங்கே நடந்தது, பதிவாளரிடம் தாக்கல் செய்த தணிக்கைக் கணக்கின் நகல் கிடைக்குமா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பெரும்பாலும் அழைப்பு அங்கேயே துண்டிக்கப்படும். துண்டிக்கப்படாவிட்டால் சந்தா போகும் வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். தலைவரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அனுப்ப வேண்டாம்.